மளிகைக் கடை நோட்டும் பிட்காயினும்

வங்கியில் முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டியவன் நான். போன வாரம் தெருமுனை டீக்கடையில் பேரன், "தாத்தா, உங்க எஃப்.டி.யில கொஞ்சம் எடுத்து பிட்காயின்ல போடலாமே" என்றான். "அதைக் கொடுத்து இந்த டீயைக் குடிக்க முடியுமாடா?" என்று கேட்டேன்.

பிட்காயின் பேரேட்டில் ஒரு பக்கம் ஏறச் சுமார் 10 நிமிடம் ஆகும். உலகம் முழுவதற்கும் வினாடிக்கு ஏழெட்டுப் பரிவர்த்தனைதான் தாங்கும். டீ ஆறிவிடும்.

அதற்குத்தான் 'லைட்னிங்' என்ற மேலடுக்கு வந்திருக்கிறதாம். பேரன் விளக்கியதும் அந்தக் கால மளிகைக் கடை நோட்டு ஞாபகம் வந்தது. தினமும் எழுதி, மாதக் கடைசியில் ஒரே தடவை கணக்குத் தீர்ப்போமே, அதே மாதிரி. ஆனால் இதில் கடன் கிடையாது. பணத்தை முன்கூட்டியே பூட்டி வைக்க வேண்டும். கணக்குத் தொடங்குவதும் முடிப்பதும் மட்டும் பேரேட்டில் ஏறும். நடுவில் ஆயிரம் டீ குடித்தாலும் ஒவ்வொன்றுக்கும் நொடியில் காசு போய்விடும். கட்டணமும் சொற்பம்.

நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. வேகம் வந்துவிட்டது, நிலையான மதிப்பு வரவில்லையே! எல் சால்வடோர் 2021-இல் பிட்காயினைச் சட்டபூர்வ நாணயமாக்கியது. 2025-இல், கடைக்காரர்கள் அதை வாங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டது. நம் நாட்டிலோ 2022 முதல் லாபத்துக்கு 30 சதவீத வரி.

மருந்து வாங்கும் பணம் ராத்திரியோடு ராத்திரியாக இளைக்கக் கூடாது. "நீ கத்துக்கோ, என் எஃப்.டி. இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்" என்றேன். சிரித்தான். டீக்கு யூ.பி.ஐ.யில் அவன்தான் காசு கொடுத்தான்.