வேலைநீக்கம் தனி வழக்கு

பாலியல் தொந்தரவு குறித்துப் புகார் கொடுத்த பெண்ணை வேலையைவிட்டு அனுப்பும்போது, 'புகார் கொடுத்ததற்காக' என்று எந்த நிறுவனமும் கடிதத்தில் எழுதுவதில்லை. வேலைத்திறன் போதவில்லை, அந்தப் பதவியே இனி இல்லை, புரொபேஷன் காலம் திருப்தியாக இல்லை, சக ஊழியர்களோடு ஒத்துப்போகவில்லை என்று வேறு ஏதாவது எழுதியிருக்கும். போன ஆண்டு வரை நல்ல மதிப்பெண் போட்டு ஊதிய உயர்வுக்குப் பரிந்துரைத்த அதே மேலாளர் கீழே கையெழுத்திட்டிருப்பார். பல இடங்களில் அந்தக் கடிதமும் கிடைக்காது. எச்.ஆர். அறைக்கு அழைத்து, நீங்களாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் ரிலீவிங் லெட்டரும் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டும் சிக்கலில்லாமல் தந்துவிடுகிறோம் என்பார்கள். மில்களிலும் துப்புரவுப் பணியிலும் இருக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்த மரியாதையும் கிடையாது. நாளை முதல் வர வேண்டாம் என்று மேஸ்திரி வாயால் சொல்வதோடு கதை முடிந்துவிடும்.

அப்படி வெளியே வரும் பெண்ணின் முன் ஒரு கேள்வி நிற்கிறது. எதிர்த்து வழக்காடுவதா, விட்டுவிட்டு அடுத்த வேலையைத் தேடுவதா? இயன்றவர்கள் எதிர்க்க வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு. அதோடு, எதிர்க்கும் பாரம் முழுவதையும் வேலையிழந்த ஒரு பெண்ணின் தலையில் வைத்திருக்கும் சட்டத்தைத் திருத்த வேண்டும். அந்தத் திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு டெல்லிக்குக் காத்திராமல் இங்கேயே தொடங்கலாம்.

வழக்கைக் கைவிடுகிற பெண்களில் பலர் ஒரு தவறான கணக்கால் கைவிடுகிறார்கள். 'அவர் என்னிடம் தவறாக நடந்தார் என்பதற்குச் சாட்சியில்லை. அதை நிரூபிக்க முடியாதபோது வேலை போனதை எதிர்த்து என்ன செய்ய முடியும்?' என்று அவர்கள் நினைக்கிறார்கள். வழக்கறிஞர்கள் சிலரே இதைத் திருத்துவதில்லை. தொந்தரவு ஒரு தவறு, வேலைநீக்கம் இன்னொரு தவறு. முதலாவதை உள்ளகப் புகார் குழு விசாரிக்கிறது. இரண்டாவதைத் தொழிலாளர் துறையும் தீர்ப்பாயமும் விசாரிக்கின்றன. இந்த இரண்டாவது இடத்தில், நீக்கியதற்கு நியாயமான காரணம் இருந்தது என்று காட்ட வேண்டியவர் முதலாளி. அறைக்குள் என்ன நடந்தது என்பதை அந்தப் பெண் அங்கே நிரூபிக்க வேண்டியதில்லை. புகார் கொடுத்த தேதி, மெமோ வந்த தேதி, பணியிலிருந்து நீக்கிய தேதி ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலே வழக்கின் முதுகெலும்பு தெரிந்துவிடும்.

நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்திலேயே இதற்கு உதாரணம் உண்டு. உச்ச நீதிமன்றத்தில் இளநிலை உதவியாளராக இருந்த ஒரு பெண் 2018 டிசம்பரில் பணிநீக்கம் செய்யப்பட்டார். அவர் மீது சொல்லப்பட்ட குற்றங்களில் ஒன்று, ஒரு நாள் அனுமதியில்லாமல் விடுப்பு எடுத்தது. அப்போதைய தலைமை நீதிபதி ரஞ்சன் கோகோய் தன்னிடம் தவறாக நடந்ததாகவும், தான் மறுத்ததற்கே இந்தத் தண்டனை என்றும் 2019 ஏப்ரலில் அவர் நீதிபதிகளுக்கு வாக்குமூலம் அனுப்பினார். கோகோய் அதை முற்றிலும் மறுத்தார். விசாரணையில் வழக்கறிஞரை உடன் வைத்துக்கொள்ள அனுமதி இல்லாததால் அந்தப் பெண் பாதியில் விலகினார். குற்றச்சாட்டில் சாரமில்லை என்று மூன்று நீதிபதிகள் கொண்ட உள்விசாரணைக் குழு 2019 மே மாதம் முடிவுசெய்தது. அந்த அறிக்கை இன்றுவரை வெளியாகவில்லை. ஆனால், 2020 ஜனவரியில் அவர் மீண்டும் பணியில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். புகாரில் யார் சொன்னது உண்மை என்று நாம் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. புகார் ஏற்கப்படாத பிறகும் வேலை திரும்பக் கிடைக்கலாம் என்பதற்கு இதைவிட எடுப்பான சான்று வேண்டியதில்லை.

தமிழ்நாட்டுப் பெண்களின் கையில் இதற்கு ஒரு பழைய கருவி இருக்கிறது. 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆவது பிரிவு அது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நீக்க முடியாது என்கிறது அந்தப் பிரிவு. நோட்டீஸுக்குப் பதில் ஒரு மாதச் சம்பளம் தரலாம். காரணத்துக்குப் பதில் எதையும் தர முடியாது. ஜவுளிக்கடை விற்பனையாளரும் வணிக அலுவலகத்து ஊழியரும் இதன்கீழ் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. தொழிலாளி என்ற வரையறைக்குள் வருகிறவர்களுக்குத் தொழில் தகராறு வழி தனியாக உண்டு. அங்கே முதலில் சமரச அலுவலரிடம் மனு கொடுக்க வேண்டும். அது முடியாமல் போனால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

வென்றால் என்ன கிடைக்கும்? 2013-இல் தீபாலி குண்டு சுர்வாசே வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. அவர் மகாராஷ்டிரத்து ஆசிரியை. அது பாலியல் புகார் சார்ந்த வழக்கும் இல்லை. ஆனால் சட்டவிரோதமாக நீக்கப்பட்டவருக்கு வேலையோடு முழுப் பின்ஊதியமும் சேர்ந்து வருவதே பொது விதி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. இடைக்காலத்தில் தனக்கு வேறு வருமானம் இல்லை என்று ஊழியர் சொல்ல வேண்டும். அதை மறுத்து, அவர் வேறெங்கோ சம்பாதித்தார் என்று நிரூபிக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு.

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஒரு பெண் வழக்கு வேண்டாம் என்று முடிவெடுக்கலாம். அவரைக் குறைசொல்லும் உரிமை யாருக்கும் கிடையாது. நீதிமன்ற வாய்தாக்கள் ஆண்டுக்கணக்கில் நீளும். வீட்டு வாடகை அடுத்த மாதமே வந்துவிடும். புதிய வேலைக்கு விண்ணப்பித்தால் அந்த நிறுவனம் பழைய அலுவலகத்துக்குப் போன் செய்து விசாரிக்கும். வழக்குப் போட்டவர் என்ற பெயர் அவருக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். 'ஊர் வாயில் விழ வேண்டாம்' என்று சொல்லும் வீட்டாருக்கு அவர் தனியாகப் பதில் சொல்ல வேண்டும். திருமணம் ஆகாத பெண் என்றால் அந்தப் பேச்சு இன்னும் கூடும். ஒன்றை மட்டும் அவர்களிடம் உரிமையோடு சொல்வோம். முடிவெடுக்கும் வரை ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நீக்கியிருந்தால் காரணம் காட்ட வேண்டியவர் முதலாளி. நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால், மிரட்டி எழுதி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில் விழும். அலுவலக மின்னஞ்சலை முடக்குவதற்கு முன் புகாரின் நகல், அதைப் பெற்றுக்கொண்டதற்கான பதில், பழைய மதிப்பீட்டு அறிக்கைகள், சம்பளச் சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாயால் வெளியேற்றினால், 'இன்று இன்னார் என்னை வர வேண்டாம் என்று சொன்னார். நான் வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன்' என்று அன்றைக்கே பதிவுத் தபாலில் எழுதிவிடுங்கள்.

வேலையில் இருக்கும்போதே கேட்டுப் பெறக்கூடிய பாதுகாப்பும் உண்டு. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களில் உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் தொந்தரவுத் தடுப்புச் சட்டம். அதற்குக் குறைவான ஆட்கள் உள்ள இடத்துக்கும், முதலாளி மீதே புகார் என்றாலும், மாவட்டத்தின் உள்ளூர்க் குழு இருக்கிறது. விசாரணை நடக்கும்போது இடமாற்றமோ மூன்று மாதம் வரை விடுப்போ கேட்கலாம். குற்றம்சாட்டப்பட்டவர் தன் வேலையை மதிப்பிடக் கூடாது என்றும் கேட்கலாம். இந்தக் கடைசி உரிமையைப் பலர் அறியவில்லை. பிற்பாடு 'வேலைத்திறன் போதவில்லை' என்று எழுதப் பேனா எடுக்கும் கையை முன்கூட்டியே தடுப்பது அதுதான். ஆனால் எழுத்தில் கேட்டால் மட்டுமே இது கிடைக்கும்.

சட்டத்தின் பெரிய ஓட்டை இதற்கு அடுத்த இடத்தில் இருக்கிறது. 1997-இல் விசாகா தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகளில், புகார் கொடுத்தவரும் சாட்சிகளும் பழிவாங்கப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற வாசகம் வெளிப்படையாகவே இருந்தது. பதினாறு ஆண்டுகள் கழித்து நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில், வேலையைக் காட்டி மிரட்டுவது தொந்தரவின் ஒரு வடிவமாகச் சொல்லப்பட்டது. புகாருக்குப் பின் வேலையிலிருந்தே நீக்கிவிட்டால் அதைத் தனிக் குற்றமாக்கித் தண்டிக்கும் பிரிவு இல்லை. பொய்ப்புகார் கொடுத்தவர் மீது நடவடிக்கை எடுக்கத் தனிப் பிரிவு இருக்கிறது. உண்மைப் புகார் கொடுத்தவரின் வேலையைக் காக்கப் பிரிவு இல்லை. நிறுவனங்கள் ஆண்டறிக்கையில் எத்தனை புகார் வந்தது, எத்தனை முடிந்தது என்று சொல்ல வேண்டும். புகார் கொடுத்தவர்களில் எத்தனை பேர் இன்னும் அங்கே வேலை பார்க்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அந்த ஒரு எண்ணைக் கேட்டால் பல நிறுவனங்களின் உண்மை நிலை வெளியே வந்துவிடும்.

சட்டம் விட்ட இடத்தைத் தொழிலாளர்கள் தாங்களே நிரப்பிய ஊர் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த 20 வயது தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். தொந்தரவைப் பற்றி அதற்கு முன்பு பேசினால் வேலை போய்விடும் என்று பயந்திருந்த பெண்கள், தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்தின் பின்னால் திரண்டார்கள். தலித் பெண்கள் தலைமையேற்று நடத்தும் சங்கம் அது. அந்தத் தொழிற்சாலையின் தாய் நிறுவனமான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸும், ஆடை வாங்கும் எச் அண்ட் எம் உள்ளிட்ட வெளிநாட்டு நிறுவனங்களும் 2022-இல் அந்தச் சங்கத்தோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. புகார் கொடுத்தவரைப் பழிவாங்கக் கூடாது என்பது அதில் கட்டுப்படுத்தும் விதியாக இருந்தது. தொழிற்சாலை ஒப்பந்தத்தை மீறினால் ஆர்டர்கள் பாதிக்கப்படும் என்ற நிலை வந்தது. தையல் வரிசையிலிருந்தே பயிற்சி பெற்ற பெண்கள் கண்காணிப்பாளர்களானார்கள். வேலை போகாது என்ற உறுதி கிடைத்தால்தான் பெண்கள் வாய்திறப்பார்கள் என்பதை அந்தச் சங்கம் புரிந்துகொண்டிருந்தது. ஆனால் ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ஒரு சங்கம் கிடைக்காது. அதற்காக ஒவ்வொரு ஊரிலும் ஒரு பெண் சாகும் வரை காத்திருக்கவும் முடியாது.

இதற்கான வழி நம் சட்ட மரபுக்குப் புதியதில்லை. பேறுகால விடுப்பில் இருக்கும் பெண்ணை நீக்குவது செல்லாது என்று 1961-இலேயே சட்டம் சொல்லிவிட்டது. தொழில் தகராறு சமரசத்தில் இருக்கும்போது, அதோடு தொடர்புடைய காரணத்துக்காகத் தொழிலாளியை நீக்க வேண்டுமானால் முன்அனுமதி பெற வேண்டும் என்பதும் பல பத்தாண்டுகளாக இருந்துவரும் விதி. கர்ப்பிணிக்கும் தகராறு எழுப்பிய தொழிலாளிக்கும் தரும் பாதுகாப்பைப் பாலியல் புகார் கொடுத்த பெண்ணுக்குத் தர மறுக்க ஒரு நியாயமும் இல்லை. புகார் கொடுத்த நாளிலிருந்து ஓராண்டு வரை அவரை நீக்கவோ ராஜினாமா பெறவோ தொழிலாளர் துறையின் முன்அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் நீக்கினால் அது பழிவாங்கல் என்றே கொள்ளப்பட்டு, இல்லை என்று நிரூபிக்கும் கடமை முதலாளிக்குப் போக வேண்டும்.

வேலை செய்யாதவர்கள் இதைக் கேடயமாக்கிக்கொள்வார்கள் என்று தொழில்துறையினர் சொல்வார்கள். உண்மையான குறையை ஆவணத்தோடு காட்டும் முதலாளிக்கு அதிகாரி அனுமதி தரத்தான் போகிறார். முதலாளி செய்ய வேண்டியது காரணத்தை ஒரு மூன்றாம் நபரிடம் சொல்வது மட்டுமே. அதற்குக்கூடத் தயங்குகிற காரணம் நியாயமான காரணமாக இருக்க வாய்ப்பில்லை. தீய நோக்கத்தோடு கொடுத்த பொய்ப்புகாருக்கு மத்தியச் சட்டத்திலேயே நடவடிக்கை இருப்பதால், அந்தப் பயமும் இங்கே பொருந்தாது.

கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் மாநிலத்தின் சொந்தச் சட்டம். கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் அதே சட்டத்தைத்தான் சட்டமன்றம் திருத்தியது. மேலே சொன்ன முன்அனுமதி விதியை 41-ஆவது பிரிவில் சேர்க்க இன்னொரு திருத்தம் போதும். அதற்கும் முன்பே செய்யக்கூடியது ஒன்றிருக்கிறது. இன்றைய விதிப்படி, நீக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்ய முப்பது நாள்தான் கெடு. தொந்தரவுக்கு ஆளாகி, வேலையும் இழந்து, வீட்டாரிடம் எப்படிச் சொல்வது என்று திகைத்து நிற்கும் பெண்ணுக்கு அந்த முப்பது நாளில் வழக்கறிஞரைத் தேடக்கூட நேரம் போதாது. எவ்வளவு கெடு என்று சட்டம் சொல்லவில்லை, விதிகள்தான் சொல்கின்றன. விதியைத் திருத்தச் சட்டமன்றம் கூட வேண்டியதில்லை, அரசின் அறிவிப்பு போதும். பாலியல் புகார் கொடுத்தபின் நீக்கப்பட்ட பெண்களுக்கு இந்தக் கெடுவைத் தொழிலாளர் நலத்துறை உடனே ஓராண்டாக உயர்த்த வேண்டும்.