எந்தச் சித்திரத் தொடர் முதலிடம்?



ஞாயிறு மறைக்கல்வி முடிந்ததும் இராயபுரத்துச் சிறுவர் நம்மைச் சூழ்ந்துகொண்டனர். தொலைக்காட்சியில் வந்த சித்திரத் தொடர்கள் அனைத்திலும் தலைசிறந்தது எது என்று நாமே தீர்ப்புக் கூற வேண்டுமாம்!

'டாம் அண்ட் ஜெர்ரி' என்றனர் பலர். அது 1940-இல் திரையரங்குக்கென ஆக்கப்பட்டுப் பின்னரே தொலைக்காட்சிக்கு வந்தது. ஆகவே போட்டியில் சேராது என்றோம். முணுமுணுப்பு எழுந்தது. 1989-இல் தொடங்கிய 'சிம்ப்சன்ஸ்' தொடரை வத்திக்கான் நாளேடே 2010-இல் பாராட்டிற்று. ஆயினும் நம் இல்லங்களில் அதனை அறிந்தோர் சிலரே.

நம் உள்ளம் நாடியது, ஜப்பானியர் 1989-இல் ஆக்கிய 'ஜங்கிள் புக்'. 1993-இல் தூர்தர்ஷன் அதனை இந்தியில் ஒளிபரப்பியபோது நாம் குருமட மாணவர். ஓநாய்கள் வளர்த்த மௌக்லியைக் காண, ஒரு சொல்லும் விளங்காமலே பிள்ளைகள் அயல் வீடுகளில் கூடியதை விடுமுறையில் கண்டோம்.

அதற்கே முதலிடம் என்று கூறவிருந்தோம். அப்போது, பேரனை அழைத்துச் செல்ல வந்திருந்த காசிமேட்டு மீன்கார மூதாட்டி குறுக்கிட்டார்.

"சாமி, சுட்டி டிவியில வந்த ஜாக்கி சானைப் போடுங்க. அதுதான் தமிழ்ல பேசுச்சு. இவன் அப்பன் சின்னப் பிள்ளையா இருந்தப்போ ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சிரிச்சோம்."

சுட்டி டிவி தோன்றியது 2007-இல். அந்த அமெரிக்கத் தொடரின் சிடுசிடுப்பான கிழ மாமா, தமிழில் நம் தெருத் தாத்தாவாகவே மாறியிருந்தார். எழுதப் படிக்க அறியாத பாட்டியும் பேரப்பிள்ளைகளோடு சிரிக்க முடிந்தது.

மௌக்லியை இரண்டாம் இடத்துக்கு இறக்கினோம். டோராவுக்கு மூன்றாம் இடம். அதற்குச் சிறுமியர் இன்னும் இசையவில்லை.