எடை மட்டும் போதாது

இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட சிறார்களில் 17 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்பது 2016ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு வெளிப்படுத்திய உண்மை. தோட்டப்புறத்திலோ அது 32 சதவீதம். பதுளை, பசறை, ஹாலிஎல தோட்டங்களும் இந்த அவலத்திற்கு விலக்கல்ல.

சில நாள் நோயிலும் குழந்தையின் எடை குறையும், பின்னர் ஏறும். உயரக் குறைவோ நீண்டகாலப் போசாக்கின்மையின் அடையாளம். முதல் இரண்டு ஆண்டுகளில் நேரும் இழப்பைப் பின்னர் ஈடுசெய்வது கடினம். எனவே, தராசில் நிறுப்பதோடு, குழந்தையைப் படுக்கவைத்து நீளத்தையும் முறையாக அளப்பது அவசியம்.

ஆயினும், அளப்பதால் மட்டும் பிள்ளை வளர்ந்துவிடாது. பதிவேட்டில் வளர்ச்சிக் கோடு சரிந்தால், கொழுந்து பறிக்கும் தாய்க்குப் பாலூட்ட நேரமும், பிள்ளை மடுவத்தில் சத்துணவும் உறுதிசெய்யப்பட வேண்டும். தோட்ட நிர்வாகங்களும் ஊவா மாகாண சுகாதாரத் துறையும் இதற்குக் கூட்டாகப் பொறுப்பேற்க வேண்டும் என வலியுறுத்துகின்றோம்.