ஓர் அடைவுக்கு இரு பெற்றோர் ஏன் கூடாது?

கோராபுட் மாவட்டத்தில் திரட்டிய ஒலிப்பதிவுகளை வகைப்படுத்த அமர்ந்த முதல் நாளே தடுமாறினேன். அங்கே 'கதபா' என்ற ஒரே பெயரால் அறியப்படும் மக்களுள் ஒரு சாரார் முண்டா குடும்பத்தைச் சேர்ந்த குதோப் மொழியையும், மற்றொரு சாரார் திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்த ஒல்லாரி மொழியையும் பேசுகின்றனர். பொது இடங்களில் தேசியா புழங்குகிறது. குதோப்பும் தேசியாவும் கலந்து வரும் ஓர் அமர்வின் அடைவை எந்த மொழியின் கீழ் வைப்பது? இரண்டின் கீழும் வைக்க முயன்றேன், லினக்ஸ் மறுத்துவிட்டது. படியெடுத்து வைத்தேன். ஆறு மாதங்களில் இரு படிகளும் வேறுபட்டுவிட்டன: ஒன்றில் திருத்திய ஒலியெழுத்து மற்றதில் இல்லை. அவற்றை மீண்டும் ஒப்பிட்டுச் சரிசெய்ய ஒரு பருவமே கழிந்தது.

அந்த மறுப்பு நியாயமானது என்பதே இன்று என் கருத்து.

யூனிக்ஸ் மரபில் கோப்பின் பெயர் வேறு, கோப்பு வேறு. அடைவு என்பது பெயர்களையும் அவற்றுக்குரிய ஐநோடு எண்களையும் இணைக்கும் பட்டியல். ஆகவே ஒரு கோப்புக்குப் பல பெயர்கள் இருக்கலாம். இதுவே ஹார்ட் லிங்க் எனப்படும் வன்பிணைப்பு. எத்தனை பெயர்கள் என்ற எண்ணிக்கையை முறைமை வைத்திருக்கிறது. அது சுழியமாகி, கோப்பைத் திறந்து வைத்திருக்கும் நிரலும் இல்லையெனில் இடம் விடுவிக்கப்படுகிறது.

இவ்வுரிமையை அடைவுக்கும் அளித்தால் என்ன நேரும்? முதலாவதாக, மேலடைவைக் குறிக்கும் இரட்டைப்புள்ளி எந்தப் பெற்றோரைச் சுட்டும்? இரண்டாவதாக, பாட்டனைப் பேரனுக்குள் பிணைத்துவிட்டால் சுழற்சி உண்டாகிறது. மரத்தை முழுதும் நடந்து பார்க்கும் நிரல் முடிவின்றிச் சுற்றும். மூன்றாவதே மிகக் கடினம். அச்சுழற்சியை வேரிலிருந்து அறுத்துவிட்டாலும், உள்ளிருக்கும் அடைவுகள் ஒன்றையொன்று சுட்டிக்கொண்டிருப்பதால் எண்ணிக்கை சுழியமாகாது. யாரும் எட்ட முடியாத தரவு வட்டில் தங்கிவிடும். அதைக் கண்டறிய வேரிலிருந்து முழு வட்டையும் தேட வேண்டும். ரிட்சியும் தாம்சனும் 1974ஆம் ஆண்டுக் கட்டுரையில் அடைவுகளை மரவடிவுக்குள் நிறுத்தியதற்கு இதையே முதன்மைக் காரணமாகக் கூறினர்.

பிணைக்கும்போதே சுழற்சியைத் தடுக்கலாமே என்பர். மரவடிவிலேயே அது எளிதன்று. ஓர் அடைவை வேறோர் அடைவுக்குள் நகர்த்தும்போது, அது தன் வழித்தோன்றலுக்குள்ளேயே புகுந்துவிடாதிருக்க, லினக்ஸ் கரு முழுக் கோப்பு முறைமைக்குமான ஒற்றைப் பூட்டைப் பூட்டுகிறது. பெற்றோர் பலரானால் மூதாதையர் வழிகளும் பெருகும். அவற்றையெல்லாம் ஒரே நேரத்தில் சோதிக்க வேண்டும்.

ஆப்பிள் இதைத் துணிந்து செய்தது. 2007இல் டைம் மெஷின் காப்புப்படிகளுக்காக, மாறாத அடைவுகளைத் திரும்பப் படைக்காமலிருக்க, எச்எஃப்எஸ் பிளஸ் முறைமையில் அடைவு வன்பிணைப்பைக் கட்டுப்பாடுகளுடன் அனுமதித்தது. 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ் முறைமையில் அது இல்லை. காப்புப்படிக்கான தேவையைப் பின்னர் நொடிப்படங்கள் என்னும் ஸ்னாப்ஷாட்டுகள் நிறைவேற்றின.

தொடரியலில் ஒரு கணுவுக்கு இரு தாய்க்கணுக்கள் உண்டெனக் கொள்வோர் உள்ளனர். தாளில் அது கூடுதலாக ஒரு கோடு; வட்டிலோ அதற்கு அழிப்பு, தேடல், பூட்டு என ஒவ்வொரு செயலிலும் விலை கொடுக்க வேண்டும். குறியீட்டுப் பிணைப்பு அவ்விலையைத் தவிர்க்கிறது. ஆனால் அது வெறும் முகவரி. இலக்கை நகர்த்தினால் வெறுமையைச் சுட்டி நிற்கும்.

ஆகவே, தடையைக் குறைசொல்வதை விடுத்து, அடைவுமரத்தின் மீது நாம் ஏற்றிய சுமையைக் குறைக்க வேண்டும். அடைவு சேமிப்புக்கான இடம் மட்டுமே. ஒரு பேச்சு எம்மொழிக்குரியது என்று தீர்ப்பளிக்கும் அதிகாரம் அதற்கில்லை. ஒவ்வோர் அமர்வுக்கும் மாறா எண் ஒன்றைத் தந்து ஓரிடத்தில் வைப்போம். மொழி, ஊர், பேசுநர் ஆகியவற்றைத் தனி அட்டவணையில் எத்தனை வேண்டுமோ அத்தனை எழுதுவோம். களப்பணிக்குச் செல்லும் இளைய ஆய்வாளரிடம் நெறியாளர்கள் முதலில் கேட்க வேண்டியது அடைவு அமைப்பையன்று, இவ்வட்டவணையை. இருமொழியாளர் ஒருவரின் பேச்சை ஒரு மொழியின் கீழ் மட்டும் அடக்குவது கோப்பு முறைமையின் பிழையன்று, நம் பிழை.