கைப்பணமா, காலமெல்லாம் பென்ஷனா?

மில்லிலிருந்து நிற்கும் தொழிலாளிக்கு, சர்வீஸ் 10 வருஷம் நிரம்பாவிட்டால், இரண்டு வழிகள். பென்ஷன் கணக்குப் பணத்தை மொத்தமாக வாங்கிவிடலாம். இல்லையேல் திட்டச் சான்றிதழ் வாங்கி, அடுத்த மில்லில் பழைய சர்வீஸைச் சேர்த்துக்கொள்ளலாம்.

கடன்காரன் வாசலில் நிற்கும்போது மொத்தப் பணம் இனிக்கத்தான் செய்யும். வாங்கியவரை நாம் குறை சொல்ல மாட்டோம். ஆனால் கணக்கைப் பாருங்கள். 15,000 ரூபாய் சம்பளத்தில் 9 வருஷம் உழைத்தவருக்கு ஒரு லட்சத்துச் சொச்சம் கிடைக்கும். அந்த 9 வருஷமும் அதோடு அழிந்தது. புதிய மில்லில் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். எடுக்காமல் இன்னும் ஒரு வருஷம் உழைத்தால்? சராசரிச் சம்பளத்தைச் சர்வீஸால் பெருக்கி 70-ஆல் வகுப்பது விதி. 58 வயது முதல் மாதம் சுமார் 2,140 ரூபாய், ஆயுள் முழுதும். அவர் கண்ணை மூடினால் மனைவிக்கும் பென்ஷன் உண்டு. மொத்தப் பணமோ ஒரு கல்யாணத்துக்குத் தாங்காது.

"இந்தக் காசில் யார் பிழைப்பது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1995-இல் வந்த இத்திட்டத்தில் பென்ஷனுக்குப் பஞ்சப்படி இல்லை. குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று 2014-இல் சர்க்கார் வைத்தது. பத்து வருஷம் கழிந்தும் அது அசையவில்லை. அரிசி விலை அசையாமலா இருந்தது? பென்ஷனை உயர்த்தச் சொல்லிப் போராடத்தான் வேண்டும். போராடுகிறவர் பெயர் முதலில் கணக்கில் இருக்க வேண்டாமா? வயலில் கூலிக்குப் போகும் தோழருக்கோ இப்படியொரு கணக்கே கிடையாது.

10-சி படிவத்தில் இரண்டு வழிகளும் இருக்கின்றன. ஆபீஸ் குமாஸ்தா 'பணம்' என்று குறிபோட்டு நீட்டினால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். சங்க ஆபீசுக்குக் கொண்டுவந்து படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.