கவனம் குறைந்தால் கணிதம் மறுப்பதா?

புது தில்லியில் என் குடியிருப்பில் வசிக்கும் மத்திய அரசு ஊழியர் ஒருவரின் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் கோளாறு அவனுக்கு இருப்பதை மருத்துவர் உறுதி செய்து இரண்டாண்டுகள் ஆகின்றன. அவன் படிக்கும் தனியார் பள்ளியில், கணிதத்தில் தேர்ந்த மாணவர்களுக்கு எட்டாம் வகுப்பிலிருந்து தனிப் பிரிவு உண்டு. மேல்வகுப்புப் பாடங்கள் அங்கே முன்கூட்டியே நடத்தப்படும்.

பகா எண்களைப் பற்றி வீட்டில் ஓயாமல் கேள்வி கேட்கும் அச்சிறுவன், தேர்வில் பாதி வினாக்களுக்கு விடை எழுதாமலேயே வந்துவிடுகிறான். ‘முதலில் அவன் ஒழுங்காக உட்காரட்டும், கணிதத்தைப் பிறகு பார்க்கலாம்' என்கிறது பள்ளி. தந்தை சேர்க்க விரும்புகிறார், தாய் அஞ்சுகிறார்.

இது ஒரு வீட்டின் பிரச்னை மட்டும் அல்ல. உலக அளவில் குழந்தைகளில் சுமார் 5 சதவீதத்தினருக்கு இக்கோளாறு இருப்பதாக ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. அறிவுத்திறனுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. கவனத்தை ஒரே இடத்தில் நிறுத்துவதும், அவசரத்தை அடக்குவதும், பல படிகளை மனத்தில் வரிசையாக வைத்துக்கொள்வதும்தான் இக்குழந்தைகளுக்குக் கடினம். கணிதத்தைப் புரிந்துகொள்ளும் ஆற்றலும், அதைக் குறித்த நேரத்தில் தாளில் எழுதிக் காட்டும் ஆற்றலும் வெவ்வேறானவை. நமது தேர்வு முறையோ இரண்டையும் ஒரே மதிப்பெண்ணில் அடைத்துவிடுகிறது.

ஆகவே, மதிப்பெண்ணைப் பார்த்து முடிவெடுப்பதைவிடப் பிழைகளைப் பார்த்து முடிவெடுப்பதே சரி. கழித்தல் குறியை விட்டுவிடுவதும், வினாவின் பிற்பகுதியைப் படிக்காமல் தாவுவதும் கவனத்தின் பிழைகள். பின்னம் என்றால் என்னவென்றே விளங்காமல் தடுமாறுவது கருத்தின் பிழை. முதல்வகைப் பிழை செய்யும் குழந்தைக்கு எளிய கணக்குகளையே நூறு முறை கொடுப்பது மருந்தாகாது. சலிப்பூட்டும் வேலையில்தான் அதன் கவனம் மேலும் சிதறும். இரண்டாம்வகைப் பிழை மிகுந்திருந்தால், எந்தக் குழந்தையாயினும் விரைவு வகுப்பில் தள்ளுவது தவறு.

தாயின் அச்சத்திலும் நியாயம் இருக்கிறது. நம் நாட்டில் ‘உயர்நிலைக் கணிதம்' என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் ஆழமான கல்வியன்று, வேகமும் வீட்டுப்பாடச் சுமையும்தான். ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்கென ஆறாம் வகுப்பிலேயே ‘அடித்தளப் பயிற்சி' தொடங்கும் கலாசாரத்தின் நிழல் இது. 16 வயதுக்குக் குறைந்தவர்களைப் பயிற்சி மையங்களில் சேர்க்கக் கூடாது என்று மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வழிகாட்டு நெறிகளை வெளியிட நேர்ந்ததே நிலைமையை உணர்த்தும். ஆழம் இக்குழந்தைகளுக்கு உதவும். சுமை அவர்களை முறித்துவிடும்.

இனி, சட்டத்தின் நிலையைப் பார்ப்போம். 2016 டிசம்பரில், ரூபாய் நோட்டு மதிப்பிழப்பு விவகாரத்தால் குளிர்காலக் கூட்டத்தொடர் ஏறக்குறைய முழுவதும் முடங்கிக் கிடந்தது. அந்த அமளிக்கு நடுவிலும் கட்சி வேறுபாடின்றி நிறைவேறியது மாற்றுத்திறனாளிகள் உரிமை மசோதா. மாநிலங்களவை 14-ஆம் தேதியும், மக்களவை கூட்டத்தொடரின் இறுதி நாளான 16-ஆம் தேதியும் அதற்கு ஒப்புதல் அளித்தன. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 ஆக இருந்த குறைபாடுகளின் பட்டியல் 21 ஆக விரிந்தது. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அதில் இடம்பெற்றன, ஏ.டி.எச்.டி. இடம்பெறவில்லை. பாடத்திட்டத்திலும் தேர்விலும் உரிய மாற்றங்களும் கூடுதல் நேரமும் அளிக்க அச்சட்டத்தின் 17-ஆவது பிரிவு வகை செய்கிறது. ஆனால், பட்டியலில் பெயரில்லாத குறைபாட்டுக்காகப் பெற்றோர் பள்ளியின் தயவை நாடி நிற்க வேண்டியிருக்கிறது.

இதைச் சரிசெய்யச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை. வேறு குறைபாடுகளை மத்திய அரசு அறிவிக்கை மூலமே சேர்க்கலாம் என்று அச்சட்டத்தின் அட்டவணையே கூறுகிறது. 40 சதவீதக் குறைபாடு என்ற அளவுகோலைக் காட்டி, தேர்வில் எழுத்தர் உதவியை மறுக்க முடியாது என்று 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தின் உணர்வு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதற்கு அதுவே சான்று.

சிபிஎஸ்இ வாரியம் 2020-ஆம் ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்விலிருந்து கணிதத்தை ‘ஸ்டாண்டர்ட்', ‘பேசிக்' என இரு நிலைகளாக்கியது. வகுப்பில் நடத்தும் பாடம் ஒன்றே. வினாத்தாள் மட்டும் வேறு. மேல்வகுப்பில் கணிதம் படிக்க விரும்பாதவர்களுக்காகவே எளிய நிலை கொண்டுவரப்பட்டது. பேசிக் எழுதித் தேறியவர் மனம் மாறினால், துணைத் தேர்வில் ஸ்டாண்டர்ட் எழுதவும் வழி வைக்கப்பட்டது. தெரிவு மாணவனுடையது, திரும்பி வரவும் கதவு உண்டு என்பதே அதன் சிறப்பு. ஆனால், கவனக்குறைவுள்ள குழந்தை என்றாலே யோசிக்காமல் பேசிக் நிலைக்கு அனுப்புவது அந்த ஏற்பாட்டின் நோக்கத்தையே சிதைப்பதாகும். பதினைந்து வயதில் மூடும் கதவு, பொறியியலையும் பொருளாதாரத்தையும் சேர்த்தே மூடிவிடக் கூடும்.

அந்தத் தந்தைக்கு நான் சொன்னது இதுதான்: ஒரு பருவத்துக்கு மட்டும் சேர்த்துப் பாருங்கள். முன்வரிசை இருக்கை, தேர்வில் கூடுதல் நேரம், ஒரே மாதிரியான கணக்குகளில் பாதி குறைப்பு ஆகிய மூன்றையும் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். இரவில் அவன் உறங்குகிறானா, பள்ளி செல்ல அழுகிறானா என்பதை மதிப்பெண்ணுக்கு முன்னதாகக் கவனியுங்கள். ஒத்துவராவிட்டால் பழைய பிரிவுக்குத் திரும்புவது தோல்வியன்று என்பதை முதல் நாளிலேயே அவனிடம் சொல்லிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக, அவனைக் கேளுங்கள்.

கேட்டார்களாம். ‘அந்த வகுப்பில் கேள்வி கேட்டால் திட்டுவார்களா?' என்பதுதான் சிறுவனின் முதல் கேள்வியாக இருந்தது. பள்ளிகளும் கல்வி வாரியங்களும் மத்திய அரசும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது.