பெற்றோர் என்னுஞ் சொல்லில் தந்தைக்கு இடமில்லையா?

சூன் திங்களின் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமையைத் 'தந்தையர் நாள்' என்று கொண்டாடுகின்றனர். அமெரிக்க நாட்டில் தோன்றி இங்கு வந்து சேர்ந்த வழக்கம் அது. அதனைப் பழிப்பது என் நோக்கமன்று. ஒருநாள் வாழ்த்துப் பெற்றுக்கொண்டு, எஞ்சிய நாளெல்லாம் குழந்தையைத் தாயின் இடுப்பிலேயே விட்டுவைக்கும் நம் ஆடவரைப் பற்றியே எழுதுகின்றேன். அவருள் நானும் ஒருவன் என்பதையும் ஒளியாது சொல்லிவிடுகின்றேன்.

ஈனுதல் தாய்க்கே உரியது. பெறுதலோ இருவர்க்கும் பொது. அதனாலன்றோ 'பெற்றோர்' என்று இருவரையும் ஒருசொல்லால் அழைக்கின்றோம்! 'மக்கட்பேறு' என்று தம் நூலின் ஏழாம் அதிகாரத்துக்குப் பெயர் அமைந்த வள்ளுவர், மக்கள் மெய் தீண்டுதலை உடலுக்கு இன்பம் என்றார். அவ்வின்பம் அன்னைக்கு மட்டுமே என்று எங்கே வரையறுத்தார்?

புறநானூற்றைப் புரட்டுங்கள். 92ஆம் பாட்டில் ஒளவையார் அதியமானிடம் மழலையைப் பற்றிப் பேசுகின்றார். யாழோடு ஒவ்வாத, பொருள் விளங்காத அம்மழலை தந்தையர்க்கு அருள் சுரக்கச் செய்யும் என்கின்றார். தாயர்க்கு என்று கூறினாரல்லர்! 188ஆம் பாட்டைப் பாடியவனோ முடிமன்னன், பாண்டியன் அறிவுடைநம்பி. சோற்றைத் துழவி, மேலெல்லாம் அப்பிக்கொண்டு குறுகுறுவெனத் திரியும் குழந்தையை அருகிருந்து பாராதவன் அப்பாட்டைப் பாடியிருக்க இயலுமா?

"பொன்முடியார் பாட்டை மறந்தீரோ?" என்று நண்பர் சிலர் கேட்பர். ஈன்று வளர்ப்பதைத் தாய்க்கும், சான்றோன் ஆக்குவதைத் தந்தைக்கும் அப்பாட்டு வகுத்தது உண்மையே. அது போர்க்குடித் தாயொருத்தியின் கூற்று. அதனைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருப்போரைக் கேட்கின்றேன்: பத்து அகவை வரை பக்கத்தில் அமராத பிள்ளையை எப்படி ஐயா சான்றோன் ஆக்குவீர்? எம் பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்றால் வருவோர் பெரும்பாலும் தாய்மாரே. தந்தை வருவது பையன் அடிதடியில் சிக்கிய பின்னரே.

சட்டமும் இதற்கு ஒத்தே நடக்கின்றது. 1961ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டத்தை 2017இல் திருத்தி, மகளிர்க்கு விடுப்பை 26 கிழமையாக உயர்த்தினர். நன்று! தனியார் தொழிலகத்தில் உழைக்கும் தந்தைக்கோ அத்திருத்தம் ஒருநாளும் தரவில்லை. நடுவண் அரசு தன் ஆண் பணியாளர்க்குத் தருவது 15 நாள். சுவீடன் நாடு 1974இலேயே குழந்தை வளர்ப்பு விடுப்பைத் தாய் தந்தை இருவர்க்கும் பொதுவாக்கிற்று.

என் மகள் பிறந்த ஆண்டில் விடைத்தாள் திருத்தவும் இலக்கியக் கூட்டங்களுக்கும் ஊர் ஊராய்ச் சென்றேன். அவள் சொன்ன முதற்சொல் எதுவென்று என் மனைவி கூறித்தான் அறிவேன். என் மருமகனோ கால்நீட்டி அமர்ந்து, குழந்தையைக் காலிற் கிடத்தி நீராட்டுகின்றார். "பெண்பிள்ளை வேலை" என்று தெருவில் நகைத்தனர். முதல்நாள் நானும் முகஞ்சுளித்தேன். இன்று நினைக்க நாணுகின்றேன்.

முப்பதாண்டாகப் பிள்ளைத்தமிழ் கற்பித்தவன் நான். அவ்விலக்கியத்தைப் பாடிய புலவருள் மிகப் பெரும்பாலார் ஆடவர். செங்கீரை என்பது ஐந்தாந் திங்களில் குழந்தை ஒருகால் மடக்கி, ஒருகால் நீட்டி, கையூன்றித் தலைநிமிர்ந்து ஆடுவது என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! கண்ணாற் கண்டதில்லை. சென்ற திங்கள் ஒரு காலையில், "மாமா, விரைந்து வாருங்கள்!" என்று மருமகன் கூவினார். கையிலிருந்த நூலை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். பாயின்மேல் பெயரன் தலையை நிமிர்த்தி, என்னைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தான்.